மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு மடல்

யாங்கோனில் எங்கள் கோயில் மண்டபத்தையும் அங்கே நடைபெறும் ஞாயிறு தமிழ் வகுப்பையும் நிர்வகிக்கும் குழுவினர் அனைவருக்கும்,

மண்டபத்துத் தூணில் சென்ற மாதம் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். வகுப்பு முடிந்த பிறகு பிற்பகல் 3 மணியிலிருந்து 4.30 வரை தொலைக்காட்சியில் தமிழ்க் கார்ட்டூன் போடும் நேரம் இனிமேல் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது என்றும், பெரியவர்கள் அந்நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பது கோயிலின் கண்ணியத்துக்கு ஒவ்வாது என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட்டிருக்கிறீர்கள். உங்கள் மூவரையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிவேன். உங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி பரிமாறியிருக்கிறேன். வாய்ப்பேச்சாகச் சொன்னால் மனத்தாங்கலில் முடியும் என்பதால்தான், எல்லோரும் படிக்கும்படி எழுத்தில் கேட்கிறேன்.

அறிவிப்பைவிட என்னை வருத்தியது அது நடைமுறைக்கு வந்த விதம். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்வரிசைப் பாயில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர். வயது 55 இருக்கும். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சிறுவன் திரும்பி, "மாமா, சமாளிக்கிறதுன்னா என்ன?" என்று கேட்டான். அவர் அதற்குப் பர்மிய மொழியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது குழு உறுப்பினர் ஒருவர் வந்து ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். "பேரன் எடுக்குற வயசுல பொம்மப் படம் பாக்க வெக்கமா இல்லியா? எந்திரிங்க" என்றார். இருபது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தம்பி ஒன்றும் பேசவில்லை. பாதி குடித்த தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வாசலில் செருப்பைத் தேடினார். இடது காலுக்குரியதை வலது காலில் மாட்டிக்கொண்டு நாலடி நடந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "மாமா, இன்னும் முடியலியே" என்று அந்தச் சிறுவன் கத்தினான். அன்றிலிருந்து மூன்று ஞாயிறு ஆகிறது. அவர் கோயில் பக்கமே வரவில்லை.

நான் செய்யாத ஒன்றுக்காக வாதாடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 64 வயது. பயின்நவுன் சந்தையில் ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடையில் உளுந்து, துவரை மூட்டைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டோரேமான் என்கிற ஜப்பானியக் கார்ட்டூனில் வரும் நீல நிற இயந்திரப் பூனையின் தீவிர ரசிகன் நான். என் பேத்திக்காகத்தான் முதலில் பார்க்கத் தொடங்கினேன். அவளுக்கு 13 வயதானதும் அவள் நிறுத்திவிட்டாள், நான் நிறுத்தவில்லை. அந்தப் பூனையின் உயரம் 129.3 சென்டிமீட்டர், எடை 129.3 கிலோ, பிறந்த நாள் 2112 செப்டம்பர் 3 என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரே எண் இரண்டு பத்தியிலும் வந்தால் கணக்குப்பிள்ளையின் கண்ணுக்குத் தப்புமா? என் பேரேட்டின் உள்ளட்டையில் அதன் படம் ஒட்டியிருக்கிறது. முதலாளி பார்த்தார், சிரித்தார், போய்விட்டார். உங்களிடமிருந்தும் அவ்வளவுதான் எதிர்பார்த்தேன்.

பெரியவர்கள் கார்ட்டூன் மேல் பித்தாக இருப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் பழைய நினைவு. சிறு வயதில் பார்த்ததை மறுபடி பார்த்து அந்த வயதுக்குள் ஒரு கணம் போய்வருகிறார்கள் என்பார்கள். உலகத்தில் பலருக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் எங்கள் பின்வரிசைக்கு அது பொருந்தாது. இந்த நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதே 1980இல். அப்போது எனக்கு 19 வயது. நினைத்து ஏங்குவதற்கு எங்கள் பிள்ளைப் பருவத்தில் கார்ட்டூனே இல்லை.

இருந்தது என்ன என்பது உங்களுக்கும் தெரியும். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. 1965இல் தனியார் பள்ளிகளும் போயின. என் தந்தை அப்படிப் போன ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர். சொந்தபந்தமெல்லாம் கப்பலேறி மதராசுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் போன காலத்தில் அவர் போகாமல் தங்கினார். இரவில் அரிக்கேன் விளக்கடியில், மிச்சமிருந்த நாலைந்து புத்தகங்களைக் கொண்டு எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இந்த மடலை இப்படி எழுத முடிகிறது என்றால் அது அவர் போட்ட பிச்சை. ஆனால் அவர் எனக்குத் தந்தது எழுத்துத் தமிழ். விளையாட்டுத் தமிழ் எனக்கு வாய்க்கவில்லை. கோலி ஆடியது, பட்டம் விட்டது, சண்டை போட்டது, காய் விட்டது, பழம் விட்டது எல்லாம் தெருவில் பர்மியப் பிள்ளைகளோடு பர்மிய மொழியில்தான். வெண்பாவுக்குச் சீர் பிரிக்கத் தெரிந்த எனக்கு, "போடா, நான் வரமாட்டேன், நீ அழுகுணி ஆட்டம் ஆடுற" என்று தமிழில் சொல்லத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஜப்பானியச் சிறுவன் தன் தோழனிடம் அதைப் போலத் தமிழில் கத்துவதைக் கேட்டபோதுதான், இப்படியும் ஒரு தமிழ் இருந்திருக்கிறது, அது எனக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது என்பது உறைத்தது. நான் திரும்பப் போய் வருவது என் பிள்ளைப் பருவத்துக்கு அல்ல; தமிழில் நடக்காமல் போன ஒரு பிள்ளைப் பருவத்துக்கு.

பின்வரிசையில் மற்றவர்களுக்கு என்னைப் போல எழுத்துத் தமிழும் கிடையாது. தகேட்டாவில் காலையில் மோகிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டில் தமிழ் பேசுவார். ஒரு வரி படிக்கத் தெரியாது. தேவாரம் ஓதும்போது கைகூப்பி நிற்பார், பொருள் விளங்காது. திரைப்படங்கள் போட்டால் வசனம் ஓடுகிற ஓட்டத்தில் பாதி நழுவிவிடும். கார்ட்டூனில் ஒவ்வொரு வாக்கியமும் நாலு சொல், ஐந்து சொல். ஒருவர் பேசி முடித்த பிறகுதான் இன்னொருவர் பேசுவார். சொன்னதைப் படமும் காட்டும். அந்த அக்கா இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்ட சொற்களை விரல் விட்டு எனக்குச் சொன்னார்: 'பரிசோதனை', 'ரகசியம்', 'மன்னிப்பு', 'கண்டுபிடிப்பு'. உங்கள் ஞாயிறு வகுப்பு 14 வயதோடு முடிகிறது, குழுவினரே. அதற்கு மேற்பட்ட எங்களுக்கு இந்த மண்டபத்தில் நடந்த ஒரே தமிழ் வகுப்பு அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

கார்ட்டூனில் மொழி இவ்வளவு தெளிவாக விழுவது தற்செயல் அல்ல; அது தயாராகும் முறையிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது அசையாப் படங்கள், ஓடுகின்றன. திரையரங்குக்காகச் செய்த பழைய கார்ட்டூன்களில் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு, தேவைப்பட்டால் இருபத்துநான்கு படங்கள் வரைவார்கள். தொலைக்காட்சி வந்தபோது அவ்வளவு பணம் இல்லை. ஆகவே உடல் அசையாமல் நிற்க, வாயும் கண்ணும் கையும் மட்டும் அசையும்படி வரைந்தார்கள். அமெரிக்காவில் ஹன்னா, பார்பெரா இருவரும் நடத்திய கார்ட்டூன் நிறுவனத்தின் பாத்திரங்களைக் கவனித்துப் பாருங்கள்: சட்டையே போடாத கரடிகூடக் கழுத்தில் காலரும் டையும் கட்டியிருக்கும். அலங்காரத்துக்காக அல்ல, தலையைத் தனியே வரைந்து ஒட்டும்போது மூட்டு தெரியாமலிருக்க. உடம்பு நின்றுவிட்டதால் கதையைச் சுமக்கும் வேலை குரலுக்கு வந்தது. உதடு இரண்டு மூன்று வடிவங்களில் திறந்து மூடுவதால், அதன் மேல் எந்த நாட்டு மொழியை வைத்தாலும் உட்காரும். 2007இல் சுட்டி டிவி தொடங்கிய பிறகு வெளிநாட்டுக் கார்ட்டூன்கள் பலவும் தமிழ் பேசின. நடிகர்கள் பேசும் அயல்மொழிப் படங்களைத் தமிழில் கேட்கும்போது நெருடுகிற அந்த உதட்டுப் பொருத்தமின்மை அவற்றில் தெரிவதே இல்லை. பணம் மிச்சம் பிடிக்கச் செய்த ஒரு வேலை, கடல் தாண்டி எங்களுக்குத் தமிழ் வாத்தியாராக வந்து வாய்த்தது.

"பொம்மைப் படம் பிள்ளைகளுக்கு" என்கிறீர்கள். அந்த எண்ணம் அப்படியொன்றும் பழையதல்ல. டாமும் ஜெர்ரியும் முதலில் வந்தது 1940இல், திரையரங்கில், முழுநீளப் படத்துக்கு முன்னால் பெரியவர்களும் பார்ப்பதற்கு. (அந்த முதல் படத்தில் பூனையின் பெயர் டாம் அல்ல, ஜாஸ்பர், இதெல்லாம் எங்களைப் போன்ற ரசிகர்கள்தான் நினைவில் வைத்திருப்போம்.) அந்த வரிசை ஏழு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. 1960இல் கற்காலக் குடும்பத்தை வைத்துப் பிளின்ட்ஸ்டோன்ஸ் என்ற தொடர் அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஒளிபரப்பானது. அதன் தொடக்ககால விளம்பரதாரர்களில் ஒன்று ஒரு சிகரெட் நிறுவனம். அதன் நாயகர்களே விளம்பரத்தில் புகை பிடித்தார்கள். அது யாருக்காக எடுக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அறுபதுகளில் அங்குள்ள தொலைக்காட்சிகள் கார்ட்டூன்களைச் சனிக்கிழமைக் காலைக்கு நகர்த்தி, பிள்ளைகளுக்கு இனிப்பும் பொம்மையும் விற்கும் நேரமாக அதை ஆக்கிய பிறகுதான், கார்ட்டூன் என்றாலே குழந்தை என்று ஆனது. எங்கோ ஒரு நாட்டு வியாபாரிகள் தங்கள் வசதிக்கு வகுத்த நேர அட்டவணையை நாம் எதற்காகக் கோயில் கண்ணியமாக ஏற்க வேண்டும்?

உண்மையிலேயே சிறுபிள்ளைகளுக்காக மட்டும் எடுத்த ஒன்றைப் பெரியவர்கள் கொண்டாடியதும் நடந்திருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் மை லிட்டில் போனி என்ற பழைய பொம்மைக் குதிரைகளை வைத்து லாரன் ஃபாஸ்ட் என்ற பெண் ஒரு புதிய தொடரை உருவாக்கினார். சின்னப் பெண் பிள்ளைகளுக்காக எடுத்தது. எதிர்பாராமல் அதற்கு ஆயிரக்கணக்கில் வளர்ந்த ஆண்கள் ரசிகர்களானார்கள்; 2011 முதல் 2019 வரை ஆண்டுதோறும் மாநாடு கூட்டினார்கள். ஊர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. அவர்களுக்கும் அந்தக் குதிரைகள் பிள்ளைப் பருவ நினைவு அல்ல. பொம்மைக் கடையில் அந்த அலமாரிப் பக்கமே போகாமல் வளர்ந்தவர்கள். அவர்களை இழுத்தது எது என்று கேட்டால் என் அனுபவத்தை வைத்து ஒன்று சொல்வேன். பெரியவர்களுக்கு என்று எடுக்கிற தொடர்களில் நல்லவனாக இருப்பவன் ஏமாளி. மன்னிப்புக் கேட்பவன் தோற்றவன். பிள்ளைகளுக்கு எடுப்பதில் மட்டும்தான் ஒருவர் தவறு செய்து, அதை உணர்ந்து, வாய்விட்டு மன்னிப்புக் கேட்டு, மறுபடி நண்பராவது இருபது நிமிடத்தில் நடந்து முடிகிறது. மாலைத் தொடர்களில் மாமியாரும் மருமகளும் ஆறு மாதம் விஷம் வைப்பதைக் குடும்பத்தோடு பார்க்கலாம், அதில் கண்ணியக் குறைவு இல்லை. நட்பைப் பற்றிய கதையைப் பார்த்தால் மட்டும் வெட்கப்பட வேண்டுமா?

டோரேமானில் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பூனைகூட இல்லை, நோபிதா என்கிற சிறுவன்தான். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயரில் வரைந்த ஓவியர் 1969 இறுதியில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இதழ்களில் அதைத் தொடங்கினார். 1979 முதல் அது தொலைக்காட்சியில் ஓடுகிறது. கதையின் நாயகன் தேர்வில் பூஜ்யம் வாங்குவான், பந்து பிடிக்கத் தெரியாது, அழுவான், தூங்குவான். எதிர்காலத்திலிருந்து வந்த பூனை தன் பையிலிருந்து ஒரு கருவி எடுத்துக் கொடுக்கும்; அவன் அதைப் பேராசையால் கெடுத்துக்கொண்டு மறுபடி அழுவான். அடுத்த வாரமும் பூனை அவனோடு இருக்கும். பத்து வயதில் இதைப் பார்க்கிற பிள்ளைக்குக் கருவிதான் அதிசயம். அறுபது வயதில் பார்ப்பவனுக்கு, இத்தனை தடவை தோற்றவனை விட்டுப் போகாத ஒரு துணை இருப்பதுதான் அதிசயம். கருவிகளில் ஒன்று, திறந்தால் நினைத்த இடத்துக்குப் போகும் ஒரு கதவு. அந்தக் கதவு வரும்போதெல்லாம் மோகிங்கா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். அவருடைய தாயாரின் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் கப்பலேறியவர்கள். திருச்சியிலோ காரைக்குடியிலோ பர்மா காலனி ஒன்றில் குடியேறினார்கள் என்று மட்டும் கேள்வி. குடியுரிமைத் தாள் சரியில்லாததால் அவர் இந்த ஊர் விமான நிலையத்துக்குள்கூட நுழைந்ததில்லை. இளஞ்சிவப்பாக வரைந்த ஒரு கதவைப் பார்த்து 58 வயதுப் பெண் ஏன் அழுகிறார் என்று உங்கள் குழு உறுப்பினர் ஒரு நாளும் கேட்டதில்லை.

கண்ணியம் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தியதால், அதைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் நிற்பது தமிழ்க் கோயில். இறைவனையே குழந்தையாக்கித் தாலாட்டி, சப்பாணி கொட்டச் சொல்லி, முத்தம் கேட்டு, வானத்து அம்புலியை அவனோடு விளையாட வா என்று அழைக்கும் பிள்ளைத்தமிழைப் பத்துப் பருவமாகப் பாடியவர்கள் பால்குடி மாறாதவர்கள் அல்லர், பெரும்புலவர்கள். நவராத்திரிக்கு இதே மண்டபத்தில் ஒன்பது படி கட்டிக் கொலு வைக்கிறோம். சென்ற ஆண்டு செட்டியார் பொம்மைக்கு எதிரே எத்தனை மூட்டை அரிசி அடுக்குவது என்று பொருளாளரும் நானும் அரை மணி நேரம் வாதிட்டோம். இருவருக்கும் சேர்த்து 130 வயது. அப்போது யாரும் எங்கள் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கவில்லை.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருப்பதையும் மறைக்க மாட்டேன். வெளியாட்கள் பிள்ளைகளோடு கலந்து உட்காருவது பாதுகாப்பா என்று இரண்டு தாய்மார்கள் கேட்டதாக அறிந்தேன். அது கேட்க வேண்டிய கேள்வி. என் பேத்தி அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே. பாதுகாப்புக்கான வழி வேறு, அவமானப்படுத்துவது வேறு. கதவுகளைத் திறந்து வைப்பதும், ஆசிரியைகளில் இருவர் கடைசிவரை இருப்பதும், வருகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும் அந்தத் தாய்மார்களுக்குப் பதிலாகும். பெரியவர்களை விரட்டிவிட்டால் அந்தச் சிறுவன் "சமாளிக்கிறதுன்னா என்ன" என்று யாரைக் கேட்பான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாங்கள் போன பிறகு இந்த மூன்று வாரமாகப் பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து கைப்பேசிக்குப் போய்விடுகிறார்கள் என்று ஆசிரியை ஒருவரே என்னிடம் சொன்னார். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை இழுத்துவிட்டதும் அந்தக் குளிர்சாதனப் பெட்டித் தம்பிதான். கடந்த ஞாயிறு மின்சாரம் போனது. இழுக்க ஆளில்லாமல் பிள்ளைகள் இருட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. தூணில் இருக்கும் அறிவிப்பை அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள். முன்வரிசைகளும் நாற்காலிகளும் பிள்ளைகளுக்கே என்றும், பெரியவர்கள் பின்வரிசைப் பாயில் மட்டும் பெயர் பதிந்து அமரலாம் என்றும், எந்நேரமும் இரு ஆசிரியைகள் உடனிருப்பார்கள் என்றும் புதிய விதி எழுதுங்கள்; அதற்கு முதலில் கையெழுத்துப் போடுபவன் நானாக இருப்பேன். எதைப் போடுவது என்று முடிவு செய்யும்போது பர்மியக் குரலிலோ ஆங்கிலக் குரலிலோ அல்லாமல் தமிழ்க் குரலில் கிடைப்பதையே போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஞாயிறு காலையில் ஒரு மணி நேர வகுப்புக்கு இடம் ஒதுக்குங்கள். ஊதியம் வேண்டாம், நான் நடத்துகிறேன். முதல் நாள் பாடமாக, மோகிங்கா அக்கா விரல் விட்டுச் சொன்ன அந்த நாலு சொற்களையும் கரும்பலகையில் எழுத எண்ணியிருக்கிறேன்.

கடைசியாக, அந்தத் தம்பியின் வீட்டுக்கு உங்களில் ஒருவர் நேரில் போக வேண்டும். ரிமோட்டை எடுத்தவரே போனால் நல்லது. அவர் கடை பசுண்டவுன் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருக்கும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசையில் பாய் விரித்தவர்களில் ஒருவன்
யாங்கோன்